அடையாளமற்ற பூனையும் அவசரக் கருணையும்

பூனையைப் பற்றி ஒரு கட்டுரையா என இவ்விதழின் வாசகர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஊவாத் தோட்டப்புறங்களில் மனிதருக்கே ஒழுகாத கூரை இல்லாதபோது பூனைக்கு வக்காலத்து வாங்குவது மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று நண்பர் ஒருவர் என் முகத்துக்கு நேரேயே கூறிவிட்டார். அவருக்கு மறுமொழி கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்றே. ஆயின் என் முதன்மையான வழக்கு அவரோடன்று. அவருக்கு நேர்மாறான முனையில் நின்று, வீதியோரத்தில் தனித்திருக்கும் பூனையைக் கண்ட மாத்திரத்தில் மனமிரங்கி, கழுத்தைத் தடவிப் பார்த்து, நாடாவும் மணியும் இல்லாமையால் அதனை ‘அநாதை’ என்று தீர்மானித்து வாரியெடுத்துச் செல்லும் நல்லுள்ளங்களோடுதான் நான் வழக்காட வந்துள்ளேன். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தவன். எனவே இவ்வழக்கைத் தொடுக்க எனக்குச் சிறிது உரிமையுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விடுமுறைக் காலத்தில், பசறையிலிருந்து பதுளைக்கு வரும் வீதியில் நண்பர் மூவரோடு வாகனத்தில் வந்துகொண்டிருந்தேன். மழை விட்டும் விடாததுமாகத் தூறிக்கொண்டிருந்தது. தோட்டமொன்றின் எல்லையிலிருந்த பஸ் தரிப்பிடத்தில் ஒரு பூனை நனைந்து ஒடுங்கியிருந்தது. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் ஆகிய மூன்று நிறமும் கலந்த பூனை. (இத்தகைய பூனைகள் ஏறத்தாழ எப்பொழுதும் பெட்டைகளே என்னும் உயிரியல் உண்மையை அன்று எங்களில் எவரும் அறிந்திருக்கவில்லை.) கழுத்தில் அடையாளம் எதுவும் இல்லை. சுற்றுமுற்றும் ஆளில்லை. தரிப்பிடத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கூடாக ஒரு படிவரிசை மேலே சென்றது. அதன் முடிவில் லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. அப்படிகளில் ஏறிக் கேட்டுவர எங்களுக்குப் பத்து நிமிடம் சென்றிருக்கும். நாங்கள் ஏறவில்லை. கூடையைப் பிடித்தவன் நான்.

பதுளையில் மிருக வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம். பூனையைப் பார்த்த அவர், குட்டி போட்டிருக்கிறதா என்று வினவினார். “தெருப்பூனை ஐயா, எங்களுக்குத் தெரியாது” என்று விடையளித்தவனும் நானே. பூச்சி மருந்தும் தடுப்பூசியும் கொடுக்கப்பட்டன. நகரத்தில் ஒரு நல்ல வீட்டார் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டனர். அன்றிரவு நாங்கள் எங்களைப் பற்றி எவ்வளவு உயர்வாக எண்ணிக்கொண்டோம் என்பதை இங்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் விஷயம் தெரியவந்தது. அத்தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பணிபுரியும் ஆயாவின் பூனை அது. மூன்று வார வயதுள்ள நான்கு குட்டிகள் அவருடைய விறகுப் பரணில் தாயைத் தேடி இரண்டு இரவுகள் கத்தியிருக்கின்றன. லயத்துப் பிள்ளைகள் இரக்கப்பட்டுத் தேநீருக்கு வைத்திருந்த மாப்பாலைக் கரைத்து ஊட்டியிருக்கின்றனர். அது வயிற்றுக்கு ஒவ்வாமல் கழிச்சல் கண்டு, தாயை நாங்கள் கொண்டு சேர்த்தபோது இரண்டு இறந்துவிட்டிருந்தன. ஆயா எங்களை ஏசவில்லை. “படிச்ச பிள்ளைகதானே தம்பி, ஒரு வார்த்தை மேல வந்து கேட்டிருக்கலாமே” என்றார். அவ்வளவே.

இதில் என்னைச் சுட்டது இன்னொன்று. நான் லயத்திலே பிறந்தவன். அப்படிகளின் முடிவில் என்ன இருக்கும் என்பது என்னுடன் வந்த நகரத்து நண்பர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், அந்தப் பூனையை நான் நகரத்துக் கண்ணாலேயே பார்த்தேன். நகரத்திலே வீட்டுப்பூனை என்றால் ஒரு வீடு, ஓர் உரிமையாளர், ஒரு கழுத்துநாடா. அவை இல்லாதது தெருப்பூனை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பதை எனக்கு நினைவூட்ட வேண்டிய கல்வி, அதை மறக்கச் செய்திருந்தது.

அந்த மூன்றாவது வகை எது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் தகும். லயம் என்பது வரிசையாகக் கட்டப்பட்ட காம்பராக்களின் தொடர். சில லயங்களில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகொட்டி நிற்கும். ஒரு காம்பராவில் அரிசியும் மாவும் இருக்கும், அடுத்ததன் அடுப்படியிலே கதகதப்பு இருக்கும், மூன்றாவதன் பரணிலே விறகு அடுக்கப்பட்டிருக்கும். எலிகளுக்கு இச்சுவர்கள் ஒரு பொருட்டல்ல. எனவே பூனையும் சுவரை மதிப்பதில்லை. அது ஒரு காம்பராவில் உண்ணும், வேறொன்றில் உறங்கும், இன்னொன்றில் ஈனும். பகலில் இஸ்தோப்பிலே கிழவிகளின் காலடியில் கிடக்கும். யாருடைய பூனை என்று கேட்டால் மூன்று வீட்டார் மூன்று பெயர் சொல்லுவர். மூன்றும் அதன் பெயரே. உரிமையாளர் ஒருவர் இல்லை என்பதனால் உரித்து இல்லை என்றாகிவிடாது. நகரத்துப் பூனை கழுத்திலே கட்டித் திரிகிற அடையாளத்தை லயத்துப் பூனைக்காக அயலவர் நினைவிலே வைத்திருக்கின்றனர். காதிலே கீறல் உள்ளது, வாலின் நுனி முறிந்தது, சென்ற தைப்பொங்கலன்று பானைக்குள் விழுந்தது என்று அதன் வரலாறு முழுவதும் அங்கே பேணப்படுகிறது.

இந்நினைவை விசாரித்தறிய வழி இல்லையா? நகரத்தில் சுவரொட்டி ஒட்டுவோர் அறியாத வசதி தோட்டத்தில் உண்டு. காலையில் பிரட்டுக்களத்திலே ஒரு தோட்டத்தின் தொழிலாளர் பெரும்பாலோர் ஒன்று கூடுகின்றனர். கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ ஒரு சொல் சொன்னால் போதும். அங்கு தவறவிட்டால் கொழுந்து நிறுக்கும் மடுவம் இருக்கிறது. கூடைகளோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு அந்நேரம் பேச்சுக்கே உரியது. பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தைகளை விட வரும் தாய்மார், கோயிலடி, சந்திக் கடை என்று செய்தி ஒரே நாளில் மலை முழுவதும் பரவிவிடும். இவ்வளவும் காலடியிலே கிடக்க, பூனைக்கு ‘உரிமையாளர் எவருமிலர்’ என்று தீர்ப்பளித்தவர்கள் நாம்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். நாய்களைப் பதிவு செய்வதற்கென 1901 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்துவிட்டது. பூனைக்கு அத்தகைய பதிவேடு எதுவும் எழவில்லை. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. சாதாரண வதைக்கு அதில் அன்று விதிக்கப்பட்ட உச்சத் தண்டப்பணம் நூறு ரூபா. அதற்குப் பதிலாக மிருகநலச் சட்டமூலமொன்றைச் சட்ட ஆணைக்குழு 2006 இல் வரைந்தது. அவ்வரைவு பின்னர் பட்ட இழுபறி தனிக் கட்டுரைக்குரியது. மேலைநாடுகளில் அரிசிமணி அளவான நுண்சில்லொன்றைப் பூனையின் தோலுக்கடியிலே செலுத்தி, அதிலுள்ள பதினைந்து இலக்கங்களைக் கருவியால் வாசித்து உரியவரைக் கண்டுபிடிக்கின்றனர். நல்ல ஏற்பாடு. ஆயினும் அக்கருவியை நம்பி எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் கொண்டுவந்து, சில்லு இல்லை, எனவே உரியவர் இல்லை என்று முடிவுகட்டுவது அறிவீனம். இந்த அளவுகோலின்படி ஊவாத் தோட்டங்களின் பூனைகளிலே அநாதையல்லாத ஒன்றைக் காண்பது அரிதாகும்.

‘பத்திரம் இல்லை, ஆகவே உரித்து இல்லை’ என்னும் இத்தர்க்கத்தை மலையக மக்கள் முன்னரே கேட்டிருக்கிறார்கள். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் அல்லது தந்தைவழி முன்னோரின் பிறப்பைப் பத்திரத்தால் நிறுவுமாறு கேட்டது. பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத தோட்டங்களிலே வாழ்ந்தவர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழிசெய்த சட்டம் வர 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மனிதரின் துயரையும் பூனையின் துயரையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எவரும் என்மீது பாயவேண்டியதில்லை. நான் ஒப்பிடுவது துயரங்களையல்ல, தீர்ப்பளிப்போரின் சோம்பலை. அயலவரைக் கேட்டால் ஒரு நொடியில் விளங்கக்கூடியதைக் கேளாமல், தாளிலே தேடி, தாள் இல்லாமையையே சான்றாக்கும் சோம்பல் அது. அதனால் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் அதையே இன்னோர் உயிரிடத்துக் காட்டலாகாது.

இவ்விடத்து என் பாட்டி கூறிய ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்தின்படி பக்கத்துக் காம்பராக் குடும்பம் கோச்சியேறித் தலைமன்னார் சென்று கப்பலில் இராமேசுவரம் போகப் புறப்பட்ட காலையில், அந்த வீட்டுக்காரி தன் பூனையைத் தூக்கிவந்து பாட்டியின் அடுப்படியிலே விட்டு, “இனி இது ஒன்னோடது” என்றாளாம். பூனை இரண்டு கிழமை பூட்டிய கதவருகே படுத்திருந்துவிட்டுப் பின்னர் பாட்டியின் அடுப்படிக்கே வந்துவிட்டதாம். புறப்பட்டுப் போன எத்தனையோ குடும்பங்களின் நாய் பூனைகள் இவ்வாறு கைமாறியிருக்க வேண்டும். ஒரு வாய்ச்சொல்லாலேயே அவை அநாதைகளாகாமல் தப்பின.

அடுத்து, என் சொந்த மக்களோடும் ஒரு வழக்கு இருக்கிறது. நினைவுதான் லயத்துப் பூனையின் அடையாளம் என்றால், அந்நினைவிலிருந்து பூனையைப் பிடுங்கியெறியும் கை எங்கள் கைதான். பூனையைக் கொன்ற பாவம், பொன்னாலே பூனை செய்து காசியில் தானம் செய்தாலும் தீராது என்பது நம்மவர் நம்பிக்கை. ஆகவே எவரும் கொல்வதில்லை. குட்டிகளை, அதிலும் பெட்டைக் குட்டிகளை, உரச் சாக்கிலே கட்டி, ஆற்றைக் கடந்து அடுத்த மலையிலோ பதுளைச் சந்தையடியிலோ கோயில் வாசலிலோ அவிழ்த்துவிட்டு வருகின்றனர். சாக்கு எதற்கு? வழி தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக. அதாவது, பூனைக்கு இருக்கும் ஒரே அடையாளத்தை, இன்ன லயத்தது என்னும் அறிமுகத்தை, திட்டமிட்டு அழிப்பதற்காக. எட்டு வாரமும் நிறையாத குட்டி அட்டைக்கும் நரிக்கும் பசிக்கும் இரையாகிச் சாகும்போது பாவம் யாரைச் சேரும் என்று காசிக் கணக்கு வைத்திருப்போர் விளக்க வேண்டும். உண்மையான அநாதைப் பூனைகள் இவைதாம். இவற்றை உற்பத்தி செய்பவர்கள் நாம்.

நாம் என்று சொன்னாலும், பழி முழுவதையும் தொழிலாளியின் தலையிலே சுமத்த நான் உடன்படேன். பெட்டைப் பூனையொன்று ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈனும், ஆண்டில் இரண்டு மூன்று ஈற்றுக்குக் குறையாது. சத்திரசிகிச்சையால் கருத்தடை செய்தாலன்றி இதற்கு முடிவில்லை. நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெண், பூனையைக் கூடையிலிட்டு, பஸ் ஏறி, ஒரு நாட்பேரையும் இழந்து, பணம் செலுத்திச் சிகிச்சை செய்விப்பாள் என்று எதிர்பார்ப்பவர் தோட்டத்தைக் கண்டிராதவர். உள்ளூராட்சி செய்யலாமே என்பீர்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் வாசகம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்யத் தடையாயிருந்தது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவர்களால் ஒரு வடிகானைக்கூட அங்கே வெட்டிக் கொடுக்க முடியவில்லை. 2018 ஆம் ஆண்டின் திருத்தமே அவ்வாசலைத் திறந்தது. திறந்த வாசலின் வழியே எத்தனை சேவைகள் உள்ளே சென்றுள்ளன என்று நம் மாணவர்கள் கேட்டெழுதுவார்களாயின், அதில் பூனைக்கும் நாய்க்கும் ஒரு நாள் கருத்தடை முகாம் என்னும் கோரிக்கைக்கு இடம் இருக்கட்டும்.

இனி என் நண்பரின் ஆட்சேபம். மனிதருக்கு முதலிடம் என்கிறார். சரி, மனிதரையே பேசுவோம். இந்நாட்டில் 1970 களின் தொடக்கத்தில் நீர்வெறுப்பு நோயால் ஆண்டொன்றுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பது என்னும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. நாய்களுக்கான தடுப்பூசியும், அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும் மனிதருக்கான ஊசியும் ஈட்டிய வெற்றி அது. இந்நோயைக் காவும் விலங்குகளில் நாய்க்கு அடுத்த இடம் இங்கே பூனைக்கு. நாய்க்குத் தடுப்பூசி போடுவோர் மடியிலே கிடக்கும் பூனையை மறந்துவிடுகின்றனர். சாக்கிலே கட்டி விடப்பட்டு, தடுப்பூசி எதுவும் பெறாமல், எவரும் கவனியாமல் திரியும் பூனை முதலில் கீறுவது லயத்துப் பிள்ளையைத்தான். அவ்வாறு கீறினாலோ கடித்தாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி வீட்டில் இருப்பது உயிரோடு விளையாடுவதாகும். மறுபுறம், எலி பெருகிய லயத்தில் மாவும் அரிசியும் வீணாவதை யாரும் கணக்கெடுப்பதில்லை. பூனையைப் பேணுவது தோட்டத்து மனிதரைப் பேணுவதன் ஒரு பகுதி என்பதை என் நண்பர் ஒருமுறை லயத்தில் இரவு தங்கினால் உணர்வார்.

மண்சரிவு நாட்களில் இது இன்னும் கூர்மையடைகிறது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தபின், மலைச்சரிவில் வாழும் எவரும் மழை இரவுகளில் நிம்மதியாக உறங்கியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டம் சரிவுகளால் சிதைந்தது. எச்சரிக்கை வந்ததும் மக்கள் குழந்தைகளோடு பாடசாலைக்கும் கோயிலுக்கும் ஓடுகின்றனர். பூனையைத் தேட அந்நேரத்தில் எவரும் நிற்கமாட்டார், நிற்கவும் கூடாது. பின்னர் ஆளில்லாத லயத்தைச் சுற்றித் திரியும் பூனையைக் காணும் தொண்டர் அதை ‘மீட்டு’ நகரத்துக்கு அனுப்புவதற்கு முன்னர், அதன் வீட்டார் இரண்டு மைல் தொலைவிலுள்ள பாடசாலை மண்டபத்தில் இருக்கக்கூடும் என்பதை நினைத்தல் வேண்டும். யாவற்றையும் இழந்த பிள்ளைக்கு மிஞ்சியதையும் நாம் எடுத்துச் செல்ல வேண்டுமா?

அப்படியானால் பூனையைக் கண்டும் காணாமற் போவதா? அன்று. காயம்பட்டு வீதியில் கிடப்பதை உடனே தூக்கத்தான் வேண்டும். துணியாற் சுற்றித் தூக்கினால் கீறாது. மற்றவற்றில் முதல் வேலை பார்த்தல். வயிற்றுப்புறம் மயிர் உதிர்ந்து முலைக்காம்புகள் தடித்திருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன, அவ்விடத்திலேயே விட்டுவிட வேண்டும். தனித்துக் கிடக்கும் குட்டிகளையும் உடனே தூக்கலாகாது. தாய் இரைதேடப் போயிருக்கும், சில மணி நேரம் தள்ளி நின்று பார்த்தல் நன்று. தாய் வராவிட்டால் முதலில் கதகதப்பு, பின்னரே உணவு. பசுப்பாலும் மாப்பாலும் வேண்டாம் என்பதை இரண்டு குட்டிகளின் உயிரைக் கொடுத்துக் கற்றவன் சொல்கிறேன். வளர்ந்த பூனையாயின், எளிதில் அறுந்துவிடக்கூடிய மெல்லிய தாள் துண்டொன்றில் ‘இது உங்கள் பூனையா?’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக் கழுத்திலே தளர்வாகச் சுற்றி விடலாம். நூலோ கம்பியோ ஆகாது, கிளையிலே மாட்டி நெரித்துவிடும். வீடுள்ள பூனை அத்தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லும். இரண்டு மூன்று நாளில் பதில் வராமலும், பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் கேட்டு எவரும் அறியாமலும் இருந்தால், அப்பொழுது அது உண்மையாகவே வழிதவறியது அல்லது எறியப்பட்டது. அதை எடுத்து வளர்ப்பவரை வணங்குகிறேன். இஸ்தான்புல் நகரத்தார் தெருப்பூனைக்கு வாசலில் உணவும் நீரும் வைத்து ஊரே பேணுவதைப் பலரும் வியந்தெழுதுகின்றனர். நம் லயத்துப் பாட்டிகளை எவரும் வியந்தெழுதவில்லை. பல நாடுகளில் கருத்தடை செய்த பூனையின் செவிநுனியைச் சிறிது நறுக்கி அடையாளமிடுகின்றனர். பிடிவாதமாக அடையாளம் வேண்டுமென்போர் அதனை இங்கே கொண்டுவரட்டும்.

சென்ற ஆண்டு அதே வீதியில், அதே தரிப்பிடத்தில், ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. வாகனத்தை நிறுத்திவிட்டுப் படியேறினோம். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த நேரம். வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, நான் சொல்லி முடிப்பதற்கு முன்னரே, “அது கடைக்காரவுங்க பூனை தம்பி, அஞ்சு மணி பஸ்ஸுல அவுங்க புள்ள வரும், அதுக்குத்தான் ஒக்காந்திருக்கும்” என்றாள். பிள்ளைக் காம்பரா ஆயா எங்களை அடையாளம் கண்டு தேநீர் தந்தார். தப்பிய குட்டிகளுள் ஒன்று இப்பொழுது தோட்டத்து ஸ்டோரில் இருக்கிறதாம். நாங்கள் கீழே இறங்கியபோது பஸ் வந்து போயிருந்தது. தரிப்பிடத்தில் பூனை இல்லை.